ரெனசான்ஸ் திருவிழா உடை: அடியிலிருந்து தைக்கத் தொடங்குங்கள்

ரெனசான்ஸ் திருவிழாவுக்கு (16-ம் நூற்றாண்டு ஐரோப்பாவைப்போல் வேடமிட்டுக் கொண்டாடும் அமெரிக்கச் சந்தை விழா) உடை தைக்கப்போவதாகச் சொல்லும் தோழிகள் பெரும்பாலும் ஓர் அரசியின் ஓவியத்தைத்தான் கைப்பேசியில் காட்டுகிறார்கள். முத்துக் கோத்த சட்டைக் கைகள், கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வெள்ளை ரஃப், வளையம் வைத்து விரித்த பாவாடை. "இதுக்கு அடியில என்ன போட்டிருக்காங்க?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 16-ம் நூற்றாண்டு ஐரோப்பிய உடை, மேனியை ஒட்டிய ஒரு லினன் அங்கியில் தொடங்கி, அடுக்கடுக்காக வெளியே வருகிறது. தைப்பதும் அதே வரிசையில் நடந்தால்தான் அளவு சரியாக உட்காரும். உடையும் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு நடக்கத் தக்கதாக அமையும்.

நான் இருப்பது டெக்சாஸில், ஹூஸ்டன் பக்கம். நகரத்துக்கு வடமேற்கே டாட் மிஷன் என்ற சிற்றூரில் 1974 முதல் டெக்சாஸ் ரெனசான்ஸ் திருவிழா நடந்துவருகிறது, அக்டோபர், நவம்பர் மாத வாரயிறுதிகளில். அமெரிக்காவில் இந்த வழக்கமே 1963-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஃபிலிஸ் பேட்டர்சன், ரான் பேட்டர்சன் தம்பதி ஒரு வானொலி நிலையத்துக்கு நிதி திரட்ட நடத்திய சந்தையிலிருந்து கிளைத்தது. இன்று மேரிலாந்து, விஸ்கான்சின் என்று பல மாநிலங்களில் இப்படிப்பட்ட விழாக்கள் உண்டு. பேச்சுவழக்கில் எல்லாமே 'ரென் ஃபேர்'தான். பார்வையாளர் வேடமிட்டு வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஜீன்ஸ் போட்டுக்கொண்டும் வரலாம், வாடகைக்கு உடை எடுத்தும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் கடையில் கிடைக்கும் மலிவு உடைகளில் பெரும்பாலானவை பாலியெஸ்டர். ஹூஸ்டன் பக்கம் அக்டோபரில்கூட வெயில் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த வெயிலில் பாலியெஸ்டர் வெல்வெட் போட்டு மதியம் வரை நின்றவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். நானே தைக்க உட்கார்ந்ததற்கு முதல் காரணம் அதுதான்.

யாராக வேடமிடப் போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். என் பரிந்துரை சந்தைப் பெண். ஆண்ட்வெர்ப்பில் வாழ்ந்த ஓவியர் யோவாகிம் பியூக்கலார் 1569, 1570 ஆண்டுகளில் வரைந்த 'நான்கு பூதங்கள்' (நிலம், நீர், காற்று, நெருப்பு) வரிசை லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. மீன், காய்கறி, கோழி விற்கும் பெண்கள், அடுப்படிப் பெண்கள் என்று வேலை செய்கிற உடம்புகளாக அதில் நிறைந்திருக்கிறார்கள். முன்பக்கம் கயிற்றால் இழுத்துக் கட்டிய மேல்சட்டை, தோளை மூடும் வெள்ளைத் துணி, முழங்கை வரை ஏற்றிய கை, இடுப்பில் ஏப்ரன். பெரிதாக்கிப் பார்த்தால் தையல் எங்கே வருகிறது என்பதுகூடப் புரியும். பீட்டர் புரூகலின் 'குடியானவர் திருமணம்' இன்னொரு நல்ல பாடம். அரசிகளின் உருவப்படங்களில் உடை சிலைபோல் நிற்கிறது. இவற்றில் குனிந்தால், கூடை தூக்கினால், உட்கார்ந்தால் துணி எப்படி விழும் என்று தெரிகிறது. நமக்கு வேண்டியது அதுதான், ஏனென்றால் நாமும் அந்த மைதானத்தில் நடக்கிறோம், குனிகிறோம், வான்கோழிக் காலைக் கையில் பிடித்துக்கொண்டு புல்லில் உட்காருகிறோம்.

அடுத்தது துணி. பணத்தை இங்கே போடுங்கள், ஜரிகையிலும் பாசிமணியிலும் போடாதீர்கள். உள்ளே லினன், வெளியே மெல்லிய கம்பளி. 'டெக்சாஸ் வெயிலில் கம்பளியா?' என்று எல்லோரும் கேட்பார்கள். கோட்டு தைக்கும் மெல்லிய சூட்டிங் கம்பளி காற்றை விடும், கசங்காது, ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தீப்பொறி பட்டால் சுலபத்தில் பற்றாது. விழாவில் நெருப்பு வித்தைக்காரர்களும் அடுப்புகளும் உண்டு என்பதால் இதையும் யோசிக்கத்தான் வேண்டும். பாலியெஸ்டர் தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

மிச்சத் துணிக் கடைகளில் என்ன இழை என்று சீட்டு ஒட்டியிருக்காது. ஓரத்திலிருந்து நாலு நூல் உருவி, பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி, முடி கருகும் வாசனையோடு எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். லினனும் பருத்தியும் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உறையும். கலப்புத் துணி இரண்டையும் காட்டும். இந்தச் சோதனை செய்யாமல் நான் எந்தத் துணியையும் வெட்டுவதில்லை.

லினனை வாங்கி வந்ததும் வெந்நீரில் துவைத்து, டிரையரில் நல்ல சூட்டில் காயவைத்துவிடுங்கள். சுருங்க வேண்டியதெல்லாம் வெட்டுவதற்கு முன்பே சுருங்கட்டும். நீளவாக்கில்தான் அதிகம் சுருங்கும், அதனால் கணக்குக்கு மேல் கொஞ்சம் சேர்த்தே வாங்குங்கள்.

பருத்தி கூடாதா என்று நம் ஊர்க்காரர்கள் கேட்பதுண்டு. அக்கால ஐரோப்பாவில் பருத்தி பெரும்பாலும் லினன் பாவில் (நீளவாக்கு நூல்) பருத்தி ஊடை (குறுக்கு நூல்) ஓட்டி நெய்த ஃபஸ்டியன் என்ற துணியாகப் புழங்கியது. சோழமண்டலக் கரையின் அச்சுத் துணிகள் ஐரோப்பிய வீடுகளில் பெருகியது 17-ம் நூற்றாண்டில். உங்கள் சந்தைப் பெண் 1570-ல் வாழ்கிறவள் என்றால் பூப்போட்ட துணி அவளுக்குப் பொருந்தாது. லைனிங்குக்குப் பருத்தி தாராளமாக வைக்கலாம்.

பெட்டியில் கிடக்கும் காஞ்சிபுரம் பட்டை வெட்டலாமா என்ற கேள்வியும் வரும். மாங்காய், அன்னம், மயில் உள்ள பார்டரும் முந்தியும் பார்த்த கணமே ஊரைக் காட்டிவிடும், முதலாம் எலிசபெத் காலத்துக்கு இழுத்து உட்காரவைக்க முடியாது. ஆனால் புட்டா இல்லாத வெற்று உடல், அதிலும் பாவு ஒரு நிறம் ஊடை ஒரு நிறமாக நெய்த மயில்கழுத்துப் பட்டு, அருமையாகப் பொருந்தும். நிறம் மாறி மின்னும் அந்த வகைப் பட்டை 16-ம் நூற்றாண்டு ஐரோப்பிய வசதிக்காரர்கள் ஆசையாக அணிந்தார்கள். அப்படி ஒரு கிழிந்த புடவையின் நல்ல பகுதியிலிருந்து, கழற்றிப் போடும் சட்டைக் கைகள் இரண்டு தைத்து வைத்திருக்கிறேன். வணிகர் வீட்டுப் பெண்ணாகப் போகும் நாட்களில் மேல்சட்டையின் தோளில் நாடாவால் கட்டிக்கொள்வேன்.

இனி தையல். முதல் உருப்படி ஸ்மாக். மேனியில் படும் நீளமான லினன் அங்கி. புதிதாகத் தையல் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை, ஏனென்றால் எல்லாமே நேர்வெட்டு: செவ்வகம், முக்கோணம், சதுரம். தறியின் அகலத்தை வீணாக்காமல் அக்காலத்தார் கண்டுபிடித்த வெட்டு இது. உடம்புக்கு இரண்டு செவ்வகம். இடுப்பின் பெரிய சுற்றளவோடு பத்து அங்குலம் கூட்டி, அதைப் பாதியாக்கினால் ஒரு துண்டின் அகலம். நீளம் தோளிலிருந்து கெண்டைக்கால் வரை. பக்கவாட்டில் கீழே விரிவு வேண்டும், அதற்கு ஒரு செவ்வகத்தைக் குறுக்கே சாய்வாக வெட்டினால் இரண்டு முக்கோணம் கிடைக்கும். கைகளும் செவ்வகம்தான். அக்குளில் நாலைந்து அங்குலச் சதுரத் துண்டு ஒன்றைச் சாய்த்து வைத்துத் தைக்க வேண்டும். கையை மேலே தூக்க இடம் கொடுப்பது அந்தச் சிறு சதுரம். அதை விட்டுவிட்டுத் தைத்த ஸ்மாக் முதல் நாளே அக்குளில் கிழியும். 60 அங்குல அகல லினன் என்றால் மூன்று கெஜம் பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

நீளத் தையல்களை மெஷினிலேயே போடுகிறேன். பிறகு ஒரு பக்க ஓரத்தைக் குறைத்து, மறுபக்க ஓரத்தை அதன்மேல் மடித்துக் கையால் எம்மிங் செய்து அடைத்துவிடுவேன். பிசிறே இருக்காது, வியர்வையில் உரசாது, வாராவாரம் துவைத்தாலும் பிரியாது. கழுத்துப்பட்டியும் கைமுனையும் வெளியே தெரிகிற இடங்கள், அவை முழுக்கக் கைத்தையல். முடிந்தால் இரண்டு ஸ்மாக் தைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் போகிறவர்களுக்கு மாற்று வேண்டும். வியர்வையெல்லாம் ஸ்மாக் குடித்துக்கொள்வதால் மேலே போடும் கம்பளியைத் துவைக்கவே தேவையிருக்காது.

அதற்கு மேலே கர்ட்டில். இறுக்கமான மேல்சட்டையும் பாவாடையும் இடுப்பில் ஒன்றாகச் சேர்ந்த உடை. வேலையில் பெரும்பகுதி இந்த மேல்சட்டையில்தான் இருக்கிறது. பிளவுஸ் தைக்கத் தெரிந்த தமிழ்ப் பெண்களுக்கு இதில் ஒரு நல்ல வசதியும் உண்டு, மாற்றிக்கொள்ள வேண்டிய ஒரு பழக்கமும் உண்டு.

மாற்றிக்கொள்ள வேண்டியது டாட், அதாவது துணியைக் கூம்பாக மடித்துப் பிடிக்கும் தையல். பிளவுஸில் டாட் பிடித்து மார்புக்கு வடிவம் கொடுக்கிறோம். 16-ம் நூற்றாண்டுச் சட்டையில் டாட்டே கிடையாது. முன்துண்டு, பக்கத் தையலின் வளைவு, உள்ளே வைக்கும் கெட்டித் துணி ஆகியவற்றை வைத்தே உடம்பை மட்டமாகத் தாங்கிப் பிடிக்கிறது. மார்பு கீழிருந்து தூக்கப்பட்டு, முன்பக்கம் கூம்புபோல் வழவழப்பாக வர வேண்டும். டாட் போட்ட உடனே அது இந்தக் காலத்து உடையாகிவிடும். அதனால் அளவு பிளவுஸை வைத்து வெட்ட முடியாது. ஸ்மாக்கைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் ஒரு பழைய பெட்ஷீட்டில் மாதிரி வெட்டி, உடம்பிலேயே குண்டூசி குத்திச் சரிபார்க்க வேண்டும். இதற்கு உதவிக்கு ஒருவர் தேவை. மாதிரியைக் கயிறு போட்டு இறுக்கும்போது முன்பக்கம் இரண்டு அங்குலம் இடைவெளி நிற்கட்டும். லினனும் கம்பளியும் உடம்புச் சூட்டில் நெகிழ்ந்து கொடுக்கும், அந்த இடைவெளி தானாக மூடும்.

வசதி, கைக்குழி விஷயத்தில், அதாவது சட்டையில் கை இணையும் வட்டம். ஊரில் அம்மா பல வருடங்களாக அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைக்கிறவர். வீடியோவில் ஓவியங்களைக் காட்டி, இந்தப் பெண்கள் இவ்வளவு இறுக்கமான சட்டையோடு எப்படிக் கையைத் தூக்கி வேலை செய்கிறார்கள் என்று கேட்டேன். "கைக்குழி பெருசா இருந்தா கையத் தூக்கும்போது சட்டையே சேந்து மேல ஏறும்டி. அக்குளுக்குக் கிட்டக்க ஏத்திப் பிடி, சின்னதா வை. அப்புறம் பாரு, தோரணம் கட்டினாக்கூட ஜாக்கெட் அசையாது" என்றார். அப்படியே வெட்டினேன். இன்றைய ரெடிமேட் உடைகளில் கைக்குழியைப் பெரிதாக வெட்டுவது எல்லா உடம்புக்கும் பொருந்துவதற்காக. ஓர் உடம்புக்கென்று தைக்கும்போது சிறிய, உயர்ந்த கைக்குழியே சௌகரியம். தோள்பட்டியும் தோளின் ஓரத்தில், சற்று விலகியே உட்கார வேண்டும். அதை உள்ளே தள்ளிவிட்டால் ஓவியத்தின் சாயல் போய்விடும்.

தாங்குவது வெளித்துணி அல்ல, உள்ளே இருக்கும் கேன்வாஸ். கெட்டியான லினன் கேன்வாஸ் இரண்டு அடுக்கு வைத்து, ஒன்றோடொன்று சேர்த்துச் சின்னச் சின்னச் சாய்வுத் தையலால் இணைத்தால், நடுத்தர உடம்புக்கு, கயிறு போடும் ஓரத்தைத் தவிர, எலும்பே தேவைப்படாது. எலும்பு என்று சொல்வது சட்டைக்குள் செருகும் விறைப்பான பட்டைகளை. 1598-ல் இறந்த ஜெர்மன் இளவரசி டோரதேயா சபீனாவின் சட்டை மியூனிக்கில் பவேரிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பட்டை பட்டையாக நெருக்கி விறைப்பு ஏற்றியிருக்கிறார்கள். அது பிரபு குலத்து உடை, மீன் விற்பவளுக்கு அது வேண்டாம். கூடுதல் தாங்கல் வேண்டுமென்றால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் அகலமான கேபிள் டையை வாங்கி, அளவுக்கு வெட்டி, முனைகளை உப்புத்தாளில் உருட்டித் தேய்த்து, முன்பக்கத் துளை வரிசையை ஒட்டி ஒன்றும் பக்கத்தில் ஒன்றுமாகச் செருகினால் போதும். துளைகளுக்கு அருகே ஒன்று கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் கயிற்றை இழுக்கும்போது ஓரம் சுருங்கி மடங்கும்.

துளைகளுக்கு உலோக வளையம் அடிக்காதீர்கள். அது பிற்காலத்தது, பத்தடி தூரத்திலிருந்தே கண்ணில் குத்தும். கத்தரியால் வெட்டவும் கூடாது. குத்தூசியால் இழைகளை விலக்கி ஓட்டை போட்டு, தேன்மெழுகு தடவிய கெட்டி நூலால் சுற்றிச் சுற்றி இறுக்கித் தைக்க வேண்டும். இழை அறாமல் விலகி நிற்பதால் எவ்வளவு இழுத்தாலும் கிழியாது. ஒரு துளைக்குப் பொறுமை வேண்டும், ஆனால் எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான். மாலையில் நாலு துளை, மறுநாள் நாலு துளை என்று போகும். துளைகளை இரண்டு பக்கமும் நேருக்கு நேர் வைக்காமல், ஒரு பக்கத்தை அரை இடைவெளி ஏற்றி வையுங்கள். மேல் முனையிலும் கீழ் முனையிலும் மட்டும் ஒரு ஜோடி நேராக இருக்கட்டும். ஒரே கயிறு, கீழே முடிச்சிட்டு, சுருள் சுருளாக ஏறி மேலே முடியும். ஷூ லேஸ்போல் குறுக்கும் நெடுக்கும் போனால் அது இக்காலத்து வழக்கம். சுருள் கட்டில் இன்னொரு நன்மை, தனியாக உடுத்திக்கொள்ளும்போது ஒரே கையால் இழுத்து இறுக்கலாம். கயிறு முன்பக்கம் வரும்படி தைத்தால் யார் உதவியும் தேவையில்லை.

பாவாடையில் ஒரே ஒரு நுட்பம் கற்றுக்கொண்டால் போதும், கார்ட்ரிட்ஜ் மடிப்பு. மூன்று கெஜத்துக்கு மேல் சுற்றளவுள்ள கம்பளியை இடுப்புக்குள் அடக்க வேண்டும். சாதாரணச் சுருக்கு வைத்தால் திரண்டு தொப்பை விழும், கொசுவம் வைத்தால் தட்டையாகப் படியும். மேல் ஓரத்தை ஓர் அங்குலம் உள்பக்கம் மடித்து, ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக இரண்டு வரிசை ஓட்டுத் தையல், எல்லாத் தையலும் ஒரே நீளம், பிறகு இரண்டு நூலையும் சேர்த்து இழுத்தால் குழல் குழலாக மடிப்பு எழும். ஒவ்வொரு குழலையும் சட்டையின் அடி ஓரத்தில் இரண்டு தையல் போட்டுப் பிடிக்க வேண்டும். தையல் நீளம் மாறாமல் இருக்க ஒரு வழி: சின்னக் கட்டம் போட்ட கிங்கம் துணியை நாடாபோல் வெட்டி அந்த மடிப்புக்குள் வைத்துவிடுங்கள். கட்டங்களை எண்ணிக்கொண்டே தைக்கலாம், அளவுகோல் வேண்டாம். கம்பளி மெலிதாக இருந்தால் அதே நாடா குழலுக்குப் பருமனும் கொடுக்கும். முன்பக்கம் கொஞ்சம் தட்டையாக விட்டு, மடிப்பை எல்லாம் பக்கத்துக்கும் பின்னுக்கும் தள்ளுங்கள். ஏப்ரன் முன்பக்கத்தை மூடிவிடும்.

பாவாடையின் நீளம் கணுக்காலுக்கு மேலேயே நிற்கட்டும். தரையைத் தொடும் பாவாடை புகைப்படத்துக்கு அழகு, மழை பெய்த மறுநாள் அந்த மைதானத்தில் சேறை அள்ளிக்கொண்டு வரும். ஃபார்திங்கேல் என்ற வளையப் பாவாடையையும் முதல் உடைக்கு நினைக்காதீர்கள். கூட்ட நெரிசலிலும் பெஞ்சு வரிசையிலும் நடமாடும் கழிப்பறையிலும் அதோடு படும் பாடு சொல்லி மாளாது. வளையம் இல்லாத பாவாடையை மொத்தமாகப் பின்னாலிருந்து முன்னுக்கு அள்ளி அணைத்துக்கொண்டால் கழிப்பறையில் பிரச்சினையே இல்லை.

மிச்சமெல்லாம் சின்ன உருப்படிகள். மிஞ்சிய லினனில் தோளை மூடும் பார்ட்லெட், தலையை மூடும் காய்ஃப், ஏப்ரன். வெயிலுக்குப் பார்ட்லெட் சன்ஸ்கிரீனைவிட நன்றாக வேலை செய்கிறது. அகல ஓரம் வைத்த வைக்கோல் தொப்பி ஒன்று. இடுப்பில் தொங்க ஒரு துணிப்பை, கைப்பேசியும் கார் சாவியும் அதில். காலுக்குத் தட்டையான தோல் ஷூ, வீட்டிலேயே சில நாள் போட்டுப் பழக்கியது.

கணவருக்குத் தைப்பது இதில் பாதி உழைப்பு. ஸ்மாக்கின் அதே வெட்டு, நீளம் மட்டும் தொடை வரை, அது அவர் சட்டை. அதன்மேல் கை இல்லாத கம்பளி ஜெர்கின். முழங்காலுக்குக் கீழே சேரும் கால்சட்டை. தலையில் பின்னல் கம்பளித் தொப்பி அவசியம். இங்கிலாந்தில் 1571-ல் ஒரு சட்டமே போட்டார்கள்: உயர்குடியினர் தவிர, ஆறு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லாம் ஞாயிறு, விடுமுறை நாட்களில் உள்நாட்டுக் கம்பளித் தொப்பி அணிய வேண்டும். தொப்பி பின்னுகிறவர்களின் பிழைப்பைக் காக்கப் போட்ட சட்டம், 1597-ல் நீக்கப்பட்டது. 1545-ல் மூழ்கி 1982-ல் கடலிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் மாலுமிகளின் தோல் ஜெர்கின்களும் காலணிகளும் கிடைத்தன. போர்ட்ஸ்மத் அருங்காட்சியகத்தில் அவை இருக்கின்றன. ஆண்களுக்குத் தைக்கிறவர்கள் அவற்றின் படங்களைத் தேடிப் பார்க்க வேண்டும், சாதாரண மனிதர்களின் உடை இத்தனை முழுமையாக நமக்குக் கிடைப்பது அபூர்வம்.

விழாவுக்கு முன் ஒரு நாள் முழு உடையையும் வீட்டில் போட்டுக்கொண்டு சமையுங்கள், மாடிப்படி ஏறுங்கள், கார் ஓட்டும் இருக்கையில் உட்காருங்கள். எங்கே அழுத்துகிறது, எங்கே இழுக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். நன்றாக அமைந்த சட்டை முதுகைத் தாங்கும். மாலை வரை நின்றும் இடுப்பு வலிக்கவில்லை என்பதை நானே உணர்ந்திருக்கிறேன். அந்தப் பெண்கள் இதைப் போட்டுக்கொண்டு சுமை தூக்கியது எப்படி என்று அன்றுதான் உடம்புக்குப் புரிந்தது, அந்தப் புரிதலுக்காகவே இந்த வேலையை நேசிக்கிறேன்.

வீடு திரும்பியதும் ஸ்மாக், பார்ட்லெட், ஏப்ரன் எல்லாம் துவைக்கும் மெஷினுக்குள். கம்பளியை நிழலில் காற்றாட மாட்டி, சேறு நன்றாகக் காய்ந்த பிறகு பிரஷ்ஷால் தட்டிவிட்டால் உதிர்ந்துவிடும். ஈரத்தோடு தேய்த்தால் கறை உள்ளே இறங்கும்.

குழந்தைகளுக்குத் தைக்கிறவர்களுக்கு ஒன்று. ஊரில் பெண்பிள்ளைகளின் பட்டுப்பாவாடையில் வைப்பதுபோல், கர்ட்டிலின் அடியில் கீழ்மடிப்புக்கு மேலே இரண்டு மூன்று டக் (துணியைச் சுற்றிலும் மடித்துப் பிடிக்கும் தையல்) வையுங்கள், வருடம் ஒன்றாகப் பிரித்துவிடலாம். மேல்சட்டையைப் பக்கவாட்டில் கயிறு போடும்படி தைத்தால் மார்பளவு கூடினாலும் சமாளிக்கும். டக் தையலை மட்டும் கொஞ்சம் வேறு நிற நூலில் போடுங்கள், பிரிக்கும்போது எந்த நூலை வெட்டுவது என்று தேட வேண்டியிருக்காது.